பெருச்சாளி திருடாத தோட்டம்

நெடுமுகில் மலையின் உச்சியில் சிலுப்பன் என்ற முள்ளம்பன்றியும் அவன் மனைவி மாதியும் வளை தோண்டி வாழ்ந்து வந்தார்கள். சிலுப்பனுக்குத் தோட்டம் என்றால் உயிர். மற்ற முள்ளம்பன்றிகள் கிழங்கைக் கண்டால் தின்னும். சிலுப்பன் கிழங்கைக் கண்டால் முதலில் அதன் இலையைப் பற்றிப் பேசுவான். அவன் பேசி முடிப்பதற்குள் கேட்பவர்களுக்கு இரண்டு தடவை பசித்துவிடும்.

வளைக்கு வெளியே அவர்களுக்குச் சின்னதாக ஓர் உருளைக்கிழங்குத் தோட்டம் இருந்தது. மலைக்குளிரில் செடி முழங்கால் உயரம்கூட வளராது. தை மாதம் உறைபனி விழுந்தால் இலையெல்லாம் மஞ்சளாகிக் கருகிப்போகும். ஆனால் மண்ணைக் கிளறினால் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கிழங்குகள் உருண்டு வரும். இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிடலாம். நல்ல கிழங்காகப் பார்த்து இருபதை எடுத்து, பாசியில் சுற்றி, வளையின் கோடியில் மாதி பத்திரமாக வைப்பாள். அதுதான் அடுத்த விளைச்சலுக்கு விதை. எவ்வளவு பசித்தாலும் அதில் வாய் வைக்க மாட்டாள். விதை போனால் எல்லாம் போச்சு என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு தை மாதக் காலையில் சிலுப்பன் வளைக்கு வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டான்.

"பார்த்தியா மாதி! நேத்து பச்சையா நின்ன செடி இன்னிக்குக் கரித்துண்டு! இது ஒரு ஊரா? இங்கே மனசுள்ளவன் தோட்டம் போட முடியுமா?"

"கிழங்கு நல்லாத்தானே வந்திருக்கு? போன தடவையைவிடப் பெரிசுங்க!" என்றாள் மாதி.

"கிழங்கு! கிழங்கு! உனக்கு எப்பவும் வயிறுதான். தோட்டக்காரனுக்குக் கண்ணு வேணும்டி, கண்ணு! கீழே ஏரிக்கரையில பனியே கிடையாதாம். வருஷம் பூரா வெயிலாம். குச்சியை ஊன்றி வச்சாக்கூட இலை விடுமாம். மைனா சொன்னா!"

"மைனா அங்கே தோட்டம் போட்டாளா?"

"அவ எதுக்குப் போடணும்? பறந்து பார்த்தாலே போதாதா?"

மாதி மறுபடி வாயைத் திறப்பதற்குள் சிலுப்பன் மலையில் இருந்த ஒவ்வொரு வளைக்கும் போய், "நாங்க வெயில் தேசத்துக்குப் போறோம்! தோட்டக்கலை தெரிஞ்சவனுக்கு இந்தக் குளிர் சரிப்படாது!" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியுமா? மானம் என்று ஒன்று இருக்கிறதே! மாதி இருபது விதைக்கிழங்கையும் பாசியோடு தூக்கிக்கொண்டு அவன் பின்னால் இறங்கினாள். சிலுப்பன் ஒன்றையும் தூக்கவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்ததிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது.

ஏரிக்கரை வெதுவெதுப்பாக இருந்தது. மண் கறுப்பாக இருந்தது. கை வைத்தால் சுட்டது. சிலுப்பன் தரையில் புரண்டு புரண்டு சிரித்தான். "ஆகா! மண்ணா இது? மெத்தை!" என்றான்.

அப்போது பக்கத்துப் பொந்திலிருந்து ஒரு பெருச்சாளி தலையை நீட்டியது. அவன் பெயர் பொந்தையா. அந்தக் கரையில் அவன் திருடாத கிழங்கு கிடையாது என்று தவளைகள் சொல்லும். அவனும் மறுக்க மாட்டான்.

"வாங்கண்ணே, வாங்க! குடியேற வந்தீங்களா? சந்தோஷம்! பாசிக்குள்ள என்னண்ணே? வாசம் தூக்குதே!"

சிலுப்பன் உடனே முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றான்.

"உருளைக்கிழங்கு. இந்த முள்ளைப் பார்த்துக்கோ. ஒரு கிழங்கு காணாமப் போச்சுன்னா இதுல பாதி உன் மூக்குல இருக்கும்!"

"சரிண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஆனா ஒண்ணு. இந்த மண்ணுல..."

"மண்ணைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? திருட்டுப்பய நீ! நான் தோட்டக்காரன்!"

பொந்தையா தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டான். ஓசியில் சொல்லும் யோசனைக்கு அடி வாங்க அவனுக்கென்ன தலையெழுத்தா?

மாசி பிறந்ததும் சிலுப்பன் நடவுக்குக் கிளம்பினான். மாதி பாசியை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"ஏங்க, புது ஊரு. பத்தை நடுங்க. பத்தை வச்சிருப்போம். ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு இருக்குமில்ல?"

"பத்தா? பாதித் தோட்டமா? பார்க்கிறவன் சிரிப்பான்! எல்லாத்தையும் கொண்டா!"

"எனக்குப் பயமா இருக்குங்க."

"பயமா இருந்தா பாட்டுப் பாடு!"

இருபதும் மண்ணுக்குள் போனது. வெறும் பாசியை உதறி மடித்து வைத்தபோது மாதிக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்குக் கரையோரத்தில் கோரைக்கிழங்கைத் தோண்டிக் கொண்டுவந்தாள். அது மிளகளவுதான் இருந்தது, கசந்தது. சிலுப்பன் முகத்தைச் சுளித்துக்கொண்டு மூன்று பங்கு தின்றான்.

செடி முளைத்தது. முளைத்தது என்றா சொன்னேன்? பாய்ந்தது! பத்தே நாளில் முழங்கால் உயரம். ஒரு மாதத்தில் சிலுப்பனின் தலைக்கு மேல். ஒவ்வோர் இலையும் அகலமாக, கரும்பச்சையாக, எண்ணெய் தடவியது போலப் பளபளத்தது. தண்டு ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன்.

சிலுப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் எழுந்ததும் செடிகளைச் சுற்றி ஒரு வலம். அப்புறம் ஒவ்வொரு செடிக்கும் ஒரு முத்தம். அப்புறம் பிரசங்கம். இலையில் உட்காரும் பூச்சிகளைப் பிடிக்கத் தவளைகள் வரும். அவை தன் பேச்சைக் கேட்க வருவதாகச் சிலுப்பன் நினைத்துக்கொண்டான்.

"தவளைகளே! தோட்டம் என்பது ஒரு தவம்! நான் மட்டும் அந்தக் குளிர்ல கிடந்திருந்தா இந்தத் திறமை என்ன ஆகியிருக்கும்? சொல்லுங்க!"

தவளைகள் வாய் நிறையப் பூச்சியோடு தலையாட்டின.

இப்படிச் சித்திரையும் வந்தது. ஒரு நாள் சிலுப்பன் செடிக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தபோது பொந்தையா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, ஒரு விஷயம். அடிக்க மாட்டேன்னு சொன்னா சொல்றேன்."

"சொல்லு."

"நான் உங்க தோட்டத்துக்கு அடியில வந்தேன். திருடத்தான் வந்தேன், ஒத்துக்கிறேன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை வந்தேன். இருபது செடிக்கும் அடியில போய்ப் பார்த்துட்டேன்."

"அடேய்!"

"முழுசாக் கேளுங்கண்ணே! கீழே ஒண்ணுமே இல்ல. வெறும் வேருதான். நீங்க நட்ட கிழங்கும் அழுகிப் போச்சு. நான் இதுவரைக்கும் எந்தத் தோட்டத்துல இருந்தும் வெறுங்கையோட வந்ததில்லண்ணே. எனக்கே அவமானமா இருக்கு!"

சிலுப்பன் ஏரி அதிரச் சிரித்தான்.

"மாதி! கேட்டியா! இந்த முள்ளுக்குப் பயந்து ஒரு கிழங்கைக்கூட இவனால தொட முடியல. அந்த வயித்தெரிச்சல்ல கதை கட்டுறான்! மேல இவ்வளவு இலை இருந்தா கீழே எவ்வளவு கிழங்கு இருக்கும்? மலையில முழங்கால்கூட எட்டாத செடிக்கே எலுமிச்சம்பழம். இங்கே ஒவ்வொண்ணும் பூசணிக்காய்டா, பூசணிக்காய்!"

மாதி சிரிக்கவில்லை. திருடன் வந்து, 'திருட ஒன்றும் இல்லை' என்று வருத்தப்படுகிறான். இதில் பொய் சொல்லி அவனுக்கு என்ன லாபம்?

"ஏங்க, ஒரே ஒரு செடிகிட்ட மட்டும் விரலை விட்டுப் பார்த்துடறேனே!"

"தொடாதே! நீ மலைக்காரிதானே? தழை மஞ்சளாகிறதுக்கு முன்னாடி மண்ணைத் தொட்டா என்ன ஆகும்?"

"கிழங்கு கோவிச்சுக்கிட்டு உள்ளே போயிடும்" என்றாள் மாதி மெதுவாக.

நெடுமுகில் மலையில் அப்படி ஒரு வழக்கம். அங்கே பனி விழுந்து தழை தானாக மஞ்சளாகும். அதுவரை யாரும் மண்ணில் கால் வைக்க மாட்டார்கள். மலையை விட்டுக் கிளம்பும்போது வளையை விட்டார்கள், உறவை விட்டார்கள். இந்த வழக்கத்தை மட்டும் விடாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாதி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பனியே விழாத ஊரில் தழை எப்போது மஞ்சளாகும் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் யோசிக்கவில்லை.

யோசிக்க அவனுக்கு நேரம் ஏது? அன்றைக்கே மைனாவைக் கூப்பிட்டான்.

"மலைக்குப் போ. எல்லா வளையிலயும் சொல்லு. சிலுப்பன் தோட்டத்துல செடி ஆள் உயரம்! பெருச்சாளியே கிட்ட வர முடியல! கிழங்கு மலை மலையாக் குவியப் போகுது. எல்லாரும் விருந்துக்கு வரணும்னு சொல்லு! குளிர்ல கிடந்து சாகாதீங்கன்னு சொல்லு!"

"விருந்தை முதல்ல கண்ணால பார்த்துட்டுக் கூப்பிடுங்களேன்!" என்றாள் மாதி.

மைனா அதற்குள் பறந்துவிட்டாள். மைனாவுக்குச் செய்தி கிடைத்தால் சோறு வேண்டாம்.

வைகாசியில் மலையிலிருந்து முள்ளம்பன்றிக் கூட்டம் வந்து இறங்கியது. முன்னால் மாதியின் தம்பி பெள்ளன். அவன் பின்னால் அவன் பெண்டாட்டி, நான்கு குட்டிகள். அவர்களுக்குப் பின்னால் மலையில் இருந்த மற்ற எல்லாரும். ஒருவர் பாக்கியில்லை. செடிகளைப் பார்த்ததும் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

"மச்சான்! நீங்க சாதிச்சுட்டீங்க மச்சான்!" என்று பெள்ளன் சிலுப்பனைக் கட்டிக்கொண்டான். முள்ளம்பன்றிகள் கட்டிக்கொள்வது சாதாரண விஷயமில்லை. இரண்டு பேருக்கும் வலித்தது. இரண்டு பேரும் காட்டிக்கொள்ளவில்லை.

மாதி தம்பியைத் தனியாக இழுத்தாள்.

"தம்பி, விதைக்கிழங்கு எங்கே? வளையிலயே வச்சுட்டு வந்தீங்களா?"

"விதையா? வழியில சாப்பிட்டுட்டோம்க்கா! எல்லாருமே சாப்பிட்டாச்சு. மச்சான் கிழங்கு மலை மலையாக் குவியுதுன்னு சொல்லி அனுப்பினாரே! அப்புறம் அந்தப் பொடிக் கிழங்கை எதுக்குச் சுமக்கணும்?"

மாதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் வீட்டு விதை மட்டும் போகவில்லை. ஒரு மலையின் விதையே போய்விட்டது. இனி எல்லாம் அந்த இருபது செடிக்கு அடியில் இருப்பதுதான். இருந்தால்!

தழையோ மஞ்சளாகிற வழியாக இல்லை. விருந்தாளிகள் தினமும் காலையில் வரிசையாக உட்கார்ந்து இலையைப் பார்ப்பார்கள்.

"மஞ்சளாச்சா?"

"இன்னும் பச்சைதான்."

"அந்த ஓரத்துல?"

"அது வெயில் பட்டுத் தெரியுது."

குட்டிகள் பசியில் அழுதன. மாதி நாள் முழுவதும் கோரைக்கிழங்கு தோண்டினாள். அவள் நகம் தேய்ந்தது. சிலுப்பன் பந்தி நடுவில் நின்று, "பொறுத்திருந்து தின்றால்தான் ருசி!" என்று பேசிக்கொண்டிருந்தான். ஒன்பதாம் நாள் பெள்ளன் எழுந்தான்.

"மச்சான், மஞ்சளாவது நீலமாவது! பிள்ளைங்க மயங்கி விழுதுங்க. தோண்டுங்க!"

"வழக்கம்னு ஒண்ணு இருக்கே மச்சான்!"

"தோண்டுறீங்களா, நான் தோண்டட்டுமா?"

சிலுப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதல் செடியின் முன் போய் நின்றான். கூட்டம் வட்டமாகக் கூடியது. கரைமேல் தவளைகள் வந்து குந்தின. பொந்தையாவும் பொந்திலிருந்து மூக்கை மட்டும் நீட்டினான். சிலுப்பன் செடியைப் பிடித்து இழுத்தான். வந்தது. வெள்ளை வெள்ளையாக வேர் தொங்கியது. அவ்வளவுதான்.

"இது... இது ஆண் செடி!" என்றான் சிலுப்பன்.

இரண்டாவதைப் பிடுங்கினான். வேர்.

"இது கூச்ச சுபாவம். அடுத்ததைப் பாருங்க!"

அடுத்ததிலும் வேர். அதற்கு அடுத்ததிலும் வேர். பெள்ளன் பொறுக்க முடியாமல் பாய்ந்து பக்கத்துச் செடிகளைப் பிடுங்கி எறிந்தான். எல்லாரும் சேர்ந்து தோண்டினார்கள். இலை ஒரு பக்கம் மலையாகக் குவிந்தது. கிழங்கு ஒன்றுகூட இல்லை.

மாதி கடைசிச் செடியின் குழியில் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். திடீரென்று, "இருக்கு! இருக்கு!" என்று கத்தினாள்.

அவள் கையில் ஒரு கிழங்கு இருந்தது. புளியங்கொட்டை அளவுதான். ஆனால் கெட்டியாக இருந்தது. ஓரத்தில் ஊசிமுனை போல ஒரு முளைக்கண்ணும் இருந்தது.

"தம்பி, இது போதும்டா! இதை மலைக்குக் கொண்டுபோய் நட்டா ஐந்தாகும். ஐந்தை நட்டா முப்பதாகும். நாலு வருஷத்துல எல்லா வளைக்கும் விதை வந்துடும். பாசி எங்கே? யாராவது பாசி கொண்டாங்க!"

அவள் பாசிக்காகத் திரும்பியதும் சிலுப்பன் அந்தக் கிழங்கை அவள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினான். உயரத் தூக்கிக் காட்டினான்.

"பார்த்தீங்களா! யாருடா ஒண்ணும் இல்லைன்னது? ஏய் பெருச்சாளி, இது என்னடா? அளவு சின்னதுதான். ஆனா வெயில்ல விளைஞ்சது! ருசியே தனி! சும்மா சொல்லல, இதோ பாருங்க!"

"ஐயோ, வேண்டாங்க!" என்று மாதி பாய்ந்தாள்.

அவள் வந்து சேர்வதற்குள் சிலுப்பன் அதை வாயில் போட்டு 'கறுக்'கென்று கடித்துவிட்டான்.

"ஆகா! என்ன ருசி!" என்றான் கண்ணை மூடிக்கொண்டு.

கண்ணைத் திறந்தபோது எதிரே இருந்த அத்தனை முள்ளம்பன்றிகளின் முள்ளும் சிலிர்த்து நின்றது. நாலு குட்டிகளின் முள்ளும்கூட. எல்லாவற்றிலும் நீளமாக நின்றது மாதியின் முள்.

"தோட்டம்னா உயிருன்னீங்களே" என்றாள் அவள். "ஒரு மலையோட உயிரைத் தின்னுட்டு நிக்கிறீங்களே!"

சிலுப்பன் இரண்டடி பின்னால் வைத்தான். அப்புறம், நம்ப மாட்டீர்கள், மறுபடியும் பேச ஆரம்பித்தான்!

"தப்பு என்மேல இல்ல மாதி. எல்லாம் இந்த ஊர் வெயில். இது அரைவேக்காட்டு வெயில்! தெற்கே கடற்கரையில இன்னும் நல்ல வெயில் அடிக்குதாம். மைனா சொன்னா. அங்கே போனா..."

"போங்க" என்றாள் மாதி. "நல்லாப் போங்க. நான் வரல."

சிலுப்பன் சுற்றிலும் பார்த்தான். யாரும் அவனோடு கிளம்புவதாகத் தெரியவில்லை. தவளைகள்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. செடி போனதும் பூச்சியும் போய்விட்டது, அவற்றுக்கு இனி அங்கே என்ன வேலை? அவன் தெற்குப் பார்த்து நடந்தான். வழிநெடுக அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

மாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு பொந்தையாவின் பொந்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"பொந்தையாண்ணே, அன்னிக்கு நீங்க உண்மையைத்தான் சொன்னீங்க. திருடன்னு நினைச்சு நாங்க நம்பல. இப்போ ஒண்ணு கேக்கிறேன். இந்த மண்ணுல எதுண்ணே வரும்?"

பொந்தையா அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். நான்கு மாதமாக அந்தக் கேள்விக்காகத்தான் அவன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"உங்க கிழங்குக்குக் குளிர்ந்த மண்ணு வேணும்மா. இந்த மண்ணு பகல்லயும் சூடு, ராத்திரியும் சூடு. இங்கே சேம்பு வரும், வள்ளிக்கிழங்கு வரும். ஆடியில மழை விழட்டும், நான் காட்டித் தரேன். அதுவரைக்கும் எங்கிட்ட கொஞ்சம் இருக்கு." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "யார் தோட்டத்துதுன்னு மட்டும் கேக்காதீங்க!"

பசித்த குட்டிகள் சிரித்தன. மாதிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பெள்ளனையும் மற்றவர்களையும் கூப்பிட்டு, அன்றைக்கே பொந்தையா காட்டிய இடத்தில் மண்ணைக் கொத்த ஆரம்பித்தாள். மலையில் அந்த ஆண்டு யாரும் உருளைக்கிழங்கு நடவில்லை. நட விதை இல்லை.

மண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஊரை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறவனுக்கு எந்த ஊரிலும் தோட்டம் வாய்க்காது. அவனை நம்பிப் போனவர்களுக்கு விதையும் மிஞ்சாது.